நானூற்றுப் பதினேழு நாற்காலிகள்

எனக்கு இடமாறுதல் கிடைக்க நானூற்றுப் பதினேழு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கண்காணிப்பாளர் சொன்னார். காதில் பூ சுற்றுகிறாரோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. மனிதர் உண்மையான அனுதாபத்தோடுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பதினோரு வருஷம் முடிச்சிட்டீங்க. இன்னும் நானூத்தி ஆறுதான் பாக்கி,” என்றார்.

“சார், மூணு வருஷம் முடிச்சா போதும்னுதானே சார் விதி?”

“விதி மூணுதான். யாரு இல்லைன்னா? ஆனா உங்க பேருக்கு நேரா நானூத்திப் பதினேழுன்னு வருது.”

“நானூத்திப் பதினேழு வருஷம் யாரு சார் உயிரோட இருப்பாங்க?”

“அது மருத்துவத் துறை பார்க்க வேண்டிய விஷயம். நாம அதுல தலையிடக் கூடாது,” என்று சொல்லிவிட்டு, அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

எங்களுடையது படிவ இயக்ககம். மற்ற துறைகளுக்கு வேண்டிய படிவங்களைத் தயார் செய்து அனுப்புவது எங்கள் வேலை. பிறப்புக்கு ஒரு படிவம், இறப்புக்கு ஒரு படிவம், நடுவில் சுமார் மூவாயிரத்து அறுநூறு. நான் புள்ளிக்கோட்டுப் பிரிவில் இருக்கிறேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றன அல்லவா, அவை என் பொறுப்பு. இருபத்தெட்டுக்குக் குறையவும் கூடாது, முப்பத்திரண்டைத் தாண்டவும் கூடாது. பதினோரு வருடமாக ஒரு புள்ளியில்கூட என்மேல் புகார் வந்ததில்லை.

என் மனைவிக்கு வேறொரு சின்ன ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பேருந்தில் ஒன்பது மணி நேரம். மாதம் ஒருமுறை போவேன். போன முறை போனபோது இரண்டரை வயது மகள் கதவருகே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, “எங்கப்பா இதுக்குள்ள இருக்காங்க. நீ யாரு?” என்று கேட்டாள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் கூடவே சிரித்தேன். திரும்பி வந்த ஒன்பது மணி நேரமும் என் போனைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

அந்த ஊரில் எங்கள் துறைக்கு ஒரு கிளை உண்டு. அங்கே ஒரு புள்ளிக்கோட்டு இடம் இரண்டு வருடமாகக் காலி. நான் போனால் தீர்ந்தது பிரச்சினை. அதற்குக் குறுக்கே நின்றது ஒரு பட்டியல்.

நான்கு வருடத்துக்கு முன்புவரை இடமாறுதல் பட்டியலைக் கையால் எழுதுவார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அதில் கட்டம் கட்டமாக ஒரு ஷீட். அதன் ஒரு பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களின் பெயர், வேலை பார்த்த வருடம், கேட்கும் ஊர். இன்னொரு பக்கத்தின் முதல் கட்டத்தில் விதி, அதாவது மூன்று. அதற்குக் கீழே இடம் சும்மா கிடக்கிறதே என்று யாரோ ஒரு சிக்கனக்காரர், அலுவலகத்தில் எண்ணக்கூடிய எல்லாவற்றையும் எண்ணி வரிசையாகப் போட்டுவைத்திருந்தார். மாடிகள் நான்கு. அலமாரிகள் எண்பத்தாறு. வாளிகள் பத்தொன்பது. இப்படியே போகும். முதல் ஊழியருக்கு ஒரு ஃபார்முலா. இவருடைய வருடம் விதியை எட்டிவிட்டதா? எட்டியிருந்தால் கேட்ட ஊர், எட்டாவிட்டால் இங்கேயே.

அந்த ஒரு ஃபார்முலாவைக் கடைசிப் பெயர்வரை கீழே இழுப்பதற்குப் பெயர் இழுப்பு விழா. அதற்கென்றே இழுவை அலுவலர் என்று ஒருவர் இருந்தார். வருடத்துக்கு ஒரு நாள்தான் வேலை. விழாவுக்கு ஒரு மாதம் முன்பிருந்தே வலது கையால் எதையும் தூக்கமாட்டார், கை குலுக்கக்கூட இடது கையைத்தான் நீட்டுவார். விழாவன்று எல்லோரும் எழுந்து நிற்க, கம்ப்யூட்டரை மூடியிருந்த வெல்வெட் துணியை விலக்கி, மவுஸை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் கடப்பார். நடுவில் யாரும் பேசக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நூற்று அறுபதாவது பெயரில் அவருக்குத் தும்மல் வந்து விரல் எழும்பிவிட்டது. அந்த வருடம் யாருக்குமே இடமாறுதல் இல்லை.

எனக்கு எங்கிருந்து நானூற்றுப் பதினேழு வந்தது என்று அவரிடமே போய்க் கேட்டேன். பெருமையோடு திரையைக் காட்டினார். “பாருங்க, நீங்க நூத்தி முப்பத்தொம்பதாவது ஆளு. அந்தப் பக்கத்துல நூத்தி முப்பத்தொம்பதாவது கட்டத்துல என்ன இருக்கு?”

இருந்தது நாற்காலிகளின் எண்ணிக்கை.

“இது தப்பில்லையா சார்?”

“தப்பு எப்படி வரும்? நான் இழுக்கும்போது விரலை எடுக்கவே இல்லையே,” என்றார்.

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் பெண்ணுக்கு நேராக அந்த ஷீட்டில் லிஃப்டுகளின் எண்ணிக்கை இருந்தது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பூஜ்யம். ஆகவே வேலைக்குச் சேர்ந்த மறுநாளே அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவளுக்கோ எங்கும் போக வேண்டியதில்லை. கணவர் இதே ஊர், வீடு இரண்டு தெரு தள்ளி. கேட்கும் ஊர் என்ற கட்டத்தில் இந்த ஊரையே எழுதி, வருடா வருடம் இங்கிருந்து இங்கேயே மாறுதல் வாங்கிக்கொண்டிருந்தாள். நூலகருக்கு நேராக அலுவலகத்தின் தொலைபேசி எண். அவர் இருபத்தேழு லட்சத்துச் சொச்சம் வருடம் காத்திருக்க வேண்டும். “உனக்கு நானூறுதானேப்பா,” என்று என்னிடம் ஏக்கத்தோடு சொன்னார்.

மறுபடி கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார்.

“விதியை மாத்த முடியாது. ஷீட்டையும் தொடக் கூடாது. ஆனா நாற்காலியைக் குறைக்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே.”

வெளியே வந்து வராந்தாவில் நின்று கணக்குப் போட்டேன். நானூற்று ஆறு நாற்காலிகள் ஒழிந்தால் நான் வீட்டுக்குப் போகலாம்.

நாற்காலியைக் கழிக்கவும் ஒரு படிவம் உண்டு. நாங்களே அச்சிட்டதுதான், எண் 2218. நாற்காலிப் பரிசோதகர் வந்து மூன்று முறை உட்கார்ந்து, மூன்று முறையும் கீழே விழுந்தால் அந்த நாற்காலி ஒழிந்தது. இரண்டு முறை விழுந்து மூன்றாவது முறை தப்பித்தால் அதற்கு ஐந்து வருட நீட்டிப்பு. பரிசோதகர் கடமை தவறாதவர். விழுந்த இடத்திலிருந்து எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, “ஒண்ணு,” என்பார்.

ஏழு வாரம் நான் புள்ளிகளை மறந்தேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து ஆட்டுவேன். நூலகர் இரக்கப்பட்டு நூலகத்து நாற்காலிகள் ஆறைத் தாரை வார்த்தார். முப்பத்தொரு நாற்காலி ஒழிந்தது. பெரும்பாலும் எங்கள் பிரிவினுடையவை என்பதால் பாதிப் பிரிவு ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து வேலை பார்த்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. “இன்னிக்கு எத்தனை வருஷம் குறைஞ்சுது?” என்று அக்கறையாக விசாரிப்பார்கள். நாற்காலிக் கணக்கு இப்போது முன்னூற்று எண்பத்தாறு என்று சொல்லும்போது எனக்கே ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

அந்த வாரம் பார்த்து ஊழியர் நலப் பிரிவுக்கு எங்கள்மேல் பரிதாபம் வந்துவிட்டது. ஜன்னலில் உட்கார்ந்து ஊழியர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று எண்பது புது நாற்காலிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். நானூற்று அறுபத்தாறு. ஒரே காலையில் என் ஆயுள் தண்டனை எண்பது வருடம் ஏறிவிட்டது. புது நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுவதற்கு ரொம்ப வசதியான நாற்காலி அது.

மதிய இடைவேளையில் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, “ஏங்க, உங்க ஆளுங்க அந்த மூணுக்கு டாலர் போடலையா?” என்று கேட்டாள்.

“எந்த டாலர்?”

“நாங்க இங்க எங்க ஷீட்ல தினமும் போடறது. சரி, இப்படி வெச்சுக்கோங்க. பத்து பேருக்கு உயரம் அளக்கறீங்க. அளவுகோலைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிடணும். ஆளுங்கதான் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வந்து நிக்கணும். உங்க ஆபீஸ்ல ஆணியே அடிக்கலை. ஒரு ஆளு நகர்ந்தா அளவுகோலும் கூடவே ஒரு கட்டம் கீழ இறங்குது. முதல் ஆளுக்கு மட்டும்தான் சரியா அளக்குது. அப்புறம் வாளி, அலமாரி, நாற்காலின்னு எதை எதையோ வெச்சு அளக்குது.”

“டாலர்தான் ஆணியா?”

“ஆமா. ஃபார்முலாவுல அந்த மூணு இருக்கற கட்டத்தோட பேருக்கு மட்டும், A1 மாதிரி இருக்குமே, அதுல எழுத்துக்கு முன்னாடி ஒண்ணு, எண்ணுக்கு முன்னாடி ஒண்ணு, ரெண்டு டாலர் குறி. அரை நிமிஷ வேலை. ஆளுங்க இருக்கற கட்டத்துக்குப் போட்டுடாதீங்க, அது நகரணும்.”

அரை நிமிடம். நான் ஏழு வாரம் நாற்காலிமேல் குதித்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்றே மனு எழுதினேன். கீழே கண்ட இரண்டில் ஏதாவது ஒன்றைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, விதி இருக்கும் கட்டத்துக்கு டாலர் குறி இட்டு அதை நிலைநிறுத்துவது. அல்லது, பட்டியலில் முதல் ஆளுக்கு மட்டும் விதி சரியாக வருவதால், என் பெயரை முதல் வரிசைக்கு மாற்றுவது. கையெழுத்துக்கு முப்பது புள்ளிகள் வைத்து, அதன்மேல் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து விசாரணைக் குழு கூடியது. இயக்குநர், கண்காணிப்பாளர், இழுவை அலுவலர் மூவரும் நீளமான மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். இயக்குநர் என் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பேச வேண்டுமென்றால் அவருக்கு நின்றால்தான் வரும்.

“தம்பி, நான் இந்தத் துறைக்கு வந்தப்போ யாருக்கு என்ன விதின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. அதனால தினமும் வாசல்ல சண்டை. எனக்கு ஏன் இல்லைன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. இந்த ஷீட் வந்த பிறகு எதனால கிடைச்சுது, எதனால கிடைக்கலைன்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. நாலு வருஷத்துல ஒரு புகார் உண்டா? நீங்கதான் முதல் ஆளு. நிர்வாகம்னா இப்படித்தான் இருக்கணும்.”

கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

“நாலு வருஷத்துல முதல் ஆளைத் தவிர யாருக்குமே மாறுதல் சரியாக் கிடைக்கலை சார்,” என்றேன்.

“கிடைக்காததுல பாரபட்சம் இருந்ததா? எல்லாருக்கும் வேற வேற காரணத்தால கிடைக்கலை. ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனியா ஒரு விதி. எந்தத் துறைல இந்த அளவுக்குக் கவனிச்சுக்கறாங்க, சொல்லுங்க.” அவர் தண்ணீர் குடித்துவிட்டு மனுவைத் திருப்பினார். “சரி, இந்த டாலர் போட்டா என்ன ஆகும்?”

“அந்தக் கட்டம் நகராது சார். எவ்வளவு தூரம் இழுத்தாலும் அசையாம அங்கேயே நிக்கும்.”

இயக்குநர் மனுவை மெதுவாக மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “அசையவே அசையாதா?”

“அசையாது சார்.”

“எத்தனை இழுத்தாலும்?”

“ஆமா சார்.”

“முப்பத்தொரு வருஷம்,” என்றார் குரல் தழுதழுக்க. “முப்பத்தொரு வருஷமா இந்தத் துறைல நான் தேடிட்டு இருந்தது இதைத்தான். ஏன் யாரும் முன்னாடியே சொல்லலை? எல்லாத்துக்கும் போடுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எல்லாத்துக்கும் வேண்டாம் சார். விதிக்கு மட்டும் போட்டா போதும். ஆளுங்க இருக்கற கட்டம் நகரணும்.”

“எதுக்கு நகரணும்?”

“அவங்கவங்க வருஷம், அவங்கவங்க கேட்ட ஊரு, அவங்கவங்களுக்கு வரணும்ல சார்.”

“விதிக்கு ரெண்டு டாலர் குடுத்துட்டு ஊழியர்களுக்கு இல்லைன்னு சொன்னா சங்கம் சும்மா இருக்குமா? எல்லாக் கட்டத்துக்கும் சமமாப் போடுங்க. பேருக்கு, வருஷத்துக்கு, ஊருக்கு, எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு.”

இழுவை அலுவலர் தயங்கிக் கையைத் தூக்கினார். எல்லாவற்றையும் ஆணி அடித்துவிட்டால் தனக்கு இழுக்க வேலை இருக்குமா என்று கேட்டார். இழுக்கலாம், ஆனால் எதுவும் மாறாது என்றேன். “அப்போ என் வேலைல எந்த மாற்றமும் இல்லை,” என்று நிம்மதியாகக் கையை இறக்கினார்.

இரண்டில் ஒன்று என்றுதான் நான் கேட்டிருந்தேன். உத்தரவு வந்தபோது இரண்டையுமே கொடுத்திருந்தார்கள். மனுதாரரின் கோரிக்கைகள் முழுமையாக ஏற்கப்பட்டன என்று கோப்பில் எழுதினால் பார்க்க அழகாக இருக்கும் என்று கண்காணிப்பாளர் யோசனை சொன்னாராம். ஆக, முதல் வரிசையில் நான். எல்லாக் கட்டத்துக்கும் டாலர். இரண்டு உத்தரவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து மறுபடி படித்தேன். அளவுகோலோடு ஆளையும் சேர்த்துச் சுவரில் அறைந்துவிட்டார்கள். அந்த ஆள் நான்.

இழுப்பு விழாவன்று முன்வரிசையில் எனக்கு இடம். வெல்வெட் துணி விலகியது. முதல் கட்டத்தில் பதில் வந்தது. என் மனைவி இருக்கிற ஊரின் பெயர். அத்தனை பெரிய திரையில், அத்தனை பேர் முன்னால். என் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. விரல் இறங்க ஆரம்பித்தது. இரண்டாவது ஆளுக்கும் அதே ஊர். மூன்றாவது ஆளுக்கும். நான் அப்போது எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தம் கேட்டு அவர் விரல் எழும்பியிருக்கும், அந்த வருடப் பட்டியல் ரத்தாகியிருக்கும், என் இடமாறுதலும் அதோடு போயிருக்கும். வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். பெரிய மனதெல்லாம் எனக்கு இல்லை, என் மகள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே ஊர் வந்தது.

இயக்குநர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

“தப்பு இருந்தா அங்கங்கே வேற வேற மாதிரி இருக்கும். இதுல ஒரு எழுத்துகூட மாறலை. இவ்வளவு ஒற்றுமையான பட்டியலை நான் பார்த்ததே இல்லை,” என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டார். புள்ளிகள் என்னுடையவை.

நூலகர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். இருபத்தேழு லட்சம் வருடக் காத்திருப்பு ஒரு காலையில் முடிந்ததில் அவருக்கு ஊரைப் பற்றிய கவலையே இல்லை. கண்காணிப்பாளர் தன் பெயரை மூன்று முறை படித்தார். இழுவை அலுவலர் தன் கையாலேயே தன்னை இழுத்துவிட்டிருந்தார். டைப்பிஸ்ட் பெண் மட்டும் ஒரு மூலையில் நின்று போனில் யாரிடமோ, “இல்லைங்க, நான் அந்த ஊரை எழுதிக் குடுக்கலைங்க, இந்த ஊரைத்தான் எழுதினேன்,” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் படியிறங்கினேன்.

ஐந்து பேருந்து பிடித்தார்கள். பட்டியலில் இல்லாத இயக்குநர் வாசலில் நின்று கையசைத்தார். அவரும் நானூற்று அறுபத்தாறு நாற்காலிகளும் மட்டும் அங்கே இருந்தார்கள்.

விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பேருந்து நிலையத்தில் மனைவி மகளோடு நின்றிருந்தாள். நான் இறங்கினேன். மகள் என்னைத் தொட்டுப் பார்த்தாள், மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், பிறகு தோளில் ஏறிக்கொண்டாள். எனக்குப் பின்னால் நூலகர் இறங்கினார். கண்காணிப்பாளர் இறங்கினார். நாற்காலிப் பரிசோதகர் இறங்கி, அங்கிருந்த பெஞ்சில் பழக்கதோஷத்தில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஊர்க் கிளையில் இருப்பது இரண்டே அறை.

“யாருங்க இவங்கெல்லாம்?” என்றாள் மனைவி.

“எங்க ஆபீஸ்.”

“எங்க ஆபீஸ்னா?”

“மொத்தமும்.”

அவள் எண்ணத் தொடங்கி, எழுபதுக்கு மேல் நிறுத்திவிட்டாள். “டாலர் எங்க போட்டாங்க?”

“எல்லாத்துக்கும்.”

“ஐயையோ. முதல் வரிசைல யாரு?”

நான் மகளைத் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டேன். அவளுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது கடைசிப் பேருந்திலிருந்து டைப்பிஸ்ட் பெண் ஒரு பெட்டியோடு தனியாக இறங்குவதைப் பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு?”

“வீட்டுக்காரர் அங்கேயே இருக்காரு,” என்றேன்.

மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. “இது தப்புங்க. எங்க தப்புன்னு உங்களுக்குத்தான் தெரியும். போய்ச் சொல்லிடுங்க.”

“சொன்னா பட்டியலை ரத்து பண்ணிடுவாங்க. எல்லாரும் திரும்பிப் போகணும். நானும்தான்.”

மகள் என் தோளில் சாய்ந்து, சட்டைக் காலரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். மனைவி அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“இப்பதானே வந்திருக்கீங்க,” என்றாள் கடைசியில். “அடுத்த திங்கட்கிழமை சொல்லிடுங்க.”

இது நடந்து பதினான்கு திங்கட்கிழமை ஆகிறது. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் நான் செருப்பு மாட்டும்போது அவள் வாசலுக்கு வந்து, “அடுத்த திங்கட்கிழமை மறக்காம சொல்லிடுங்க,” என்கிறாள். நான் தலையாட்டுகிறேன். அவ்வளவு விவரம் தெரிந்தவள், அந்தத் திங்கட்கிழமைக்கு மட்டும் இதுவரை ஆணி அடிக்கவே இல்லை.